அணுக் கணக்கும் சாராயச் சாவும்

(கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



என்னை இன்று அணுவைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். ஆதலால் நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாமல், உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

"அணு என்பது பரீட்சை எழுதும் பிள்ளைகள் சங்கதியாயிற்றே, ஏர் பிடிக்கிறவனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் அது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2024 ஜூன் மாதத்தில் இதே கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பெண்களும் அதில் உண்டு. அதற்கு முந்தின வருஷம், 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு ஜில்லாவிலும் இதே கதிதான். "தலையெழுத்து" என்று அழுதவர்கள் பலர். அது தலையில் எழுதினதா, சாராயத்தில் கலந்ததா என்பது அணுக்கணக்குத் தெரிந்தால் விளங்கும். ஆகவேதான் இது உங்களுக்கும் வேண்டியது என்கிறேன்.

தோழர்களே! எந்தப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் கரு என்று ஒன்று இருக்கிறது. அதில் புரோட்டான், நியூட்ரான் என்று இரண்டு வகைத் துகள்கள். புரோட்டானுக்கு நேர் மின்சாரம் உண்டு. நியூட்ரானுக்கு எந்த மின்சாரமும் இல்லை. கருவுக்கு வெளியே எதிர் மின்சாரமுள்ள எலெக்ட்ரான்கள். தாம்சன் என்பவர் 1897-ல் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். ரூதர்போர்டு என்பவர் 1911-ல் கருவைப் பற்றிச் சொன்னார். இவர்கள் கண்ணை மூடித் தவம் செய்து சொல்லவில்லை. சோதனை செய்து சொன்னார்கள். பிறரும் அதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

எத்தனை புரோட்டான் என்பதுதான் அணுவின் பெயரைத் தீர்மானிக்கிறது. ஒன்று இருந்தால் ஹைட்ரஜன்; ஆறு இருந்தால் கரி, அதாவது கார்பன்; எட்டு இருந்தால் ஆக்சிஜன். அக்கிரகாரத்துக் கார்பனுக்கும் சேரிக் கார்பனுக்கும் புரோட்டான் ஆறுதான். ஐந்தரை கிடையாது!

இப்போது ஆறு புளியங்கொட்டைகளை எடுங்கள். தரையில் ஒரு சிறு வட்டமும், அதைச் சுற்றி ஒரு பெரு வட்டமும் போடுங்கள். உள் வட்டத்தில் இரண்டு கொட்டை, வெளி வட்டத்தில் நான்கு. இதுதான் கார்பனின் எலெக்ட்ரான் படம். ஆக்சிஜனுக்கு உள்ளே இரண்டு, வெளியே ஆறு. ஹைட்ரஜனுக்கு மொத்தமே ஒன்று. இந்தப் படம் கணக்கு வைத்துக்கொள்வதற்காக மட்டுந்தான். எலெக்ட்ரான்கள் செக்குமாடு போல உண்மையில் வட்டம் சுற்றுவதில்லை. ஆனால் ஒன்று முக்கியம். கார்பன், ஆக்சிஜன் போன்றவற்றின் வெளி வட்டத்தில் எட்டு நிறைந்தால்தான் அவை அமைதியடையும். ஹைட்ரஜனுக்கு இரண்டு போதும். குறைவதைப் பக்கத்து அணுவோடு பங்கு போட்டுக் கொள்ளும். ஆகவே கார்பனுக்கு நான்கு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார்பன் மூன்று கையால் மூன்று ஹைட்ரஜனைப் பிடித்து, நான்காவது கையால் ஆக்சிஜனைப் பிடித்து, அந்த ஆக்சிஜன் தன் மறு கையால் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்தால் அது மெத்தனால். அதோடு இன்னும் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் நடுவில் சேர்ந்தால் அது எத்தனால், அதாவது குடிக்கிற சாராயத்தின் சரக்கு. வித்தியாசம் இவ்வளவுதான்! இரண்டுக்கும் நிறமில்லை, இரண்டும் தண்ணீரில் கலக்கும், இரண்டும் எரியும். மோந்து பார்த்தோ, நாக்கில் வைத்தோ, கொளுத்திப் பார்த்தோ ஒன்றில் மற்றொன்று கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனைச் சாலைதான் சொல்ல வேண்டும்.

கல்வராயன் மலையில் வெல்லம் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. அதிலும் கேடு உண்டு. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கூட்டம் கூட்டமாகச் சாவு விழுவது பெரும்பாலும் தொழிற்சாலைக்குரிய மெத்தனாலை எவனோ லாபத்துக்காகக் கலந்து விற்பதால்தான்.

சரி, அந்த மெத்தனால் உடலில் என்ன செய்கிறது? ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. பிணம் கெடாமலிருக்கப் போடும் பார்மலினில் இருப்பது இதுதான். பிறகு அது பார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்.

இங்கே அயனி என்பதைச் சொல்லவேண்டும். எலெக்ட்ரானை இழந்த அணு நேர் அயனி. கூடுதலாகப் பெற்றது எதிர் அயனி. தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் சோடியமும், விஷவாயுவான குளோரினும் ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து வாங்கி அயனிகளானவுடன், நாம் கஞ்சிக்குப் போடும் உப்பாகின்றன. அதுபோல பார்மிக் அமிலம் இரத்தத்தில் ஹைட்ரஜன் அயனியாகவும் பார்மேட் அயனியாகவும் பிரிகிறது. முன்னது இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. பின்னது, மூச்சில் வரும் ஆக்சிஜனை உயிரணுக்கள் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது. கண் நரம்பு அதில் சீக்கிரம் பாதிக்கப்படுவதால்தான் பார்வை போகிறது.

"அணுவில் ஒன்று கூடினால் எப்போதும் குணம் மாறிவிடுமா?" என்று கேட்பீர்கள். எது கூடுகிறது என்பதைப் பொறுத்தது. கார்பனின் கருவில் ஆறு நியூட்ரானுக்குப் பதில் எட்டு இருந்தாலும் அது கார்பன்தான். எடை மாத்திரம் அதிகம். இதற்கு ஐசோடோப் என்று பெயர். அந்தக் கார்பன்-14, 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். அந்தக் கணக்கை வைத்துத்தான் கீழடியில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-ல் வெளியிட்டார்கள். புராணம் சொல்லும் லட்சக்கணக்கான யுகக் கணக்குக்கு இப்படி ஒரு தராசு உண்டா?

கடைசியாக ஒன்று. மெத்தனால் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாமலிருக்கலாம். அரை நாள், ஒரு நாள் கழித்தும் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் வரும். அந்த நேரத்தில் மந்திரிப்பதும் திருநீறு போடுவதும், "குடித்தது தெரிந்தால் கேவலம்" என்று வீட்டுக்குள் ஒளித்து வைப்பதும் அவனைக் கொல்லுவதாகும். ஆஸ்பத்திரியில் ஈரலின் அந்த வேலையைத் தடுக்க மருந்து உண்டு. புளித்த இரத்தத்தைச் சரிப்படுத்த சோடியம் பைகார்பனேட்டு உண்டு. விஷத்தை வெளியேற்ற டயாலிசிஸ் உண்டு. தடுப்பு மருந்தாக வைத்தியர்கள் அளவறிந்து எத்தனாலையே கொடுப்பதும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் இன்னொரு பாக்கெட்டை உடைத்துவிடாதீர்கள். அதில் இருப்பது எது என்று உங்களுக்குத் தெரியாது.

தாய்மார்களே! கண் மங்குகிறது என்று உங்கள் வீட்டு ஆண்பிள்ளை சொன்னால், பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். கூடக் குடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள். "சாராயம் குடித்தான்" என்று வைத்தியரிடம் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுவதில் மானக்கேடு இல்லை. விஷத்தை விற்றவன்தான் வெட்கப்பட வேண்டும். குடிக்காமலிருப்பது எல்லாவற்றிலும் நல்லது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கருணாபுரத்து விதவைகள் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள்.

வீட்டுக்குப் போனதும் அந்தப் புளியங்கொட்டைக் கணக்கை உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். இத்துடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.