கோளரங்கமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

(பினாங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்து வருவோர், கடைத்தெருவையும் கொம்தார் கட்டடத்தையும் காட்டிவிட்டுத் திரும்புவது வழக்கம். அடுத்த விடுமுறையில் வான்வெளியையும் காட்டுங்கள் என்று வேண்டவே வந்துள்ளேன். கொம்தாரின் குவிமாடத்தில் 2016ஆம் ஆண்டில் அறிவியல் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. ஆயினும் தேசியக் கோளரங்கம் இருப்பது கோலாலம்பூரில். அது 1994இல் திறந்துவைக்கப்பட்டது. பட்டர்வொர்த்திலிருந்து மின்சார இரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்.

"அதெல்லாம் படித்தவர்களுக்கு உரியது" என்று சிலர் ஒதுங்குகின்றனர். இதனை நான் ஏற்கமாட்டேன். தெருவிளக்குகளின் ஒளியில் வாழும் பட்டணத்துப் பிள்ளை பத்து விண்மீன்களைக் காண்பதே அரிது. நீங்களோ நெற்றி விளக்குடன் பால்மரக் காட்டில் நுழையும்போதே விடிவெள்ளியைக் கண்டவர்கள்.

அந்த விடிவெள்ளி விண்மீனே அன்று. வெள்ளி என்னும் கோள். சூரியனின் ஒளியைத்தான் அது நமக்குத் திருப்பி அனுப்புகிறது. நம் பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுவதால் அதனை விட்டு வெகுதூரம் விலகித் தோன்றுவதில்லை. ஆகவே சில மாதங்கள் விடியலிலும் சில மாதங்கள் அந்தியிலும் தெரியும். நம் ஊரில் நள்ளிரவில் தெரியாது. இதை வாயால் சொன்னால் பிள்ளைக்குப் புரிவது கடினம். கோளரங்கத்திலோ, அரைக்கோள வடிவக் கூரையின்மேல் ஒளிக்கருவி வானத்தைப் படைத்து, பல மாத ஓட்டத்தைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். இத்தகைய கருவியை 1923இல் ஜெர்மனியில் முதன்முதல் இயக்கிக் காட்டினர்.

காட்சி விளக்கம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். எனவே புறப்படுமுன் தமிழ்ப் பெயர்களை நீங்களே சொல்லிக் கொடுங்கள். கார்த்திகையின் ஆறு மீன்களைக் காட்டுங்கள். தொலைநோக்கியில் அங்கே நூற்றுக்கணக்கானவை உண்டு. சிவந்த திருவாதிரையைக் காட்டுங்கள். இன்று நாம் காணும் அதன் ஒளி, 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நடப்படுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே புறப்பட்டது! பாட்டிமார் அறிந்த இப்பெயர்கள் வீட்டில் வழங்காவிடில் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கும்?

அரங்கில் விளக்குகள் அணையும்போது சிறு குழந்தைகள் அஞ்சக்கூடும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையைவிட நடுவிலோ பின்னாலோ அமர்ந்தால் கழுத்து வலிக்காது.

வீடு திரும்பிய பின், வானம் தெளிந்த இரவில் லயத்து முற்றத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கையை நீட்டி முட்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறையப் பத்துப் பாகை. பினாங்கில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து அதில் பாதி உயரத்தில்தான் நிற்கிறது. மரங்களோ மலையோ மறைத்துவிடும். ஏப்ரல், மே மாத முன்னிரவுகளில் தெற்கே திரும்புங்கள். நான்கு விண்மீன்களாலான தென்சிலுவையைக் கண்டுபிடிப்பவர் முதலில் பிள்ளையா பெற்றோரா என்று பார்ப்போம்.