தேர்தல் காலமும் நம் கைப்பேசியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டின் வரவு செலவுக் கணக்கு சற்று முன் வாசிக்கப்பட்டது. அக்கணக்கில் இடம்பெறாத ஓர் இழப்பைக் குறித்து உங்கள் முன் பேச விழைகிறோம். 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்தின்போது நம் ஊரில் நாம் இழந்த நல்லெண்ணமே அது.

தமிழகத்தில் அவ்வாண்டு ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்கு முந்தைய இரு வாரங்களில், நோன்பின் கடைசி நாள்களில், நம் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவிற்கு ஒரு காணொளி வந்து சேர்ந்தது. ஒரு கடைவீதியில் நின்று சிலர் முழக்கமிடுகின்றனர். "நம் கடைகளில் எவரும் பொருள் வாங்கக் கூடாது என்று நம் ஊர் வணிகர்கள் தீர்மானித்துவிட்டனர்" என்று அதன் மேல் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அஸர் தொழுகைக்குப் பின் வந்த அச்செய்தி, நோன்பு திறப்பதற்குள் ஊரிலுள்ள நம்மவர் குழுக்கள் பலவற்றிற்கும் பரவிவிட்டது. பெருநாள் துணிமணி வாங்கப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் திரும்பினர். ஆண்டுதோறும் நம் நோன்புக் கஞ்சிக்கு அரிசி அனுப்பும் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் நம் இளைஞர் சிலர் கடுஞ்சொல் பேசினர்.

மறுநாள் ஒரு பெரியவர் அக்காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அதிலிருந்த கடைகளின் பெயர்ப்பலகைகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. அது நம் ஊரும் அன்று. நம் மாநிலமும் அன்று. நூற்றுக்கணக்கானோர் பார்த்தோம்; பலர் பிறருக்கு அனுப்பினோம். பலகையை மட்டும் எவரும் படிக்கவில்லை. நிர்வாகிகள் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தனர். மளிகைக்கடைக்காரர் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார். எனினும், "இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று அவர் கூறியதற்கு நம்மிடம் விடையில்லை.

அன்பர்களே! வெறுப்புப் பேச்சால் பாதிக்கப்படுவோர் நாம் என்று பேசுகிறோம். அதில் உண்மை உண்டு. ஆயின் அவ்வெறுப்பு ஊருக்குள் நுழைய நம் கைகளும் வழிவிட்டன என்பதும் உண்மையே.

இதனைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று நம்மில் சிலர் மனம் தளர்கின்றனர். அது சரியன்று. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வேட்பாளர் தரப்பினர் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. தேர்தலையொட்டிப் பகைமை வளர்ப்போருக்கு அதன் 125ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, மின்னணு வழியாகப் பகைமை வளர்ப்பதையும் குற்றமாக்கியுள்ளது. அக்குற்றம் வழிபாட்டுத் தலத்தில் நிகழ்ந்தால் தண்டனை ஐந்தாண்டு வரை நீளும்.

இச்சட்டங்கள் ஒரு சாராரை மட்டும் கட்டுப்படுத்துபவை அல்ல. 2019 ஏப்ரல் 15 அன்று தேர்தல் ஆணையம் யோகி ஆதித்தியநாத் 72 மணி நேரமும், மாயாவதி 48 மணி நேரமும் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. முன்னவர் மீரட்டில் ஆற்றிய உரைக்காகவும், பின்னவர் தேவ்பந்தில் முஸ்லிம் வாக்காளர்களை நோக்கி விடுத்த வேண்டுகோளுக்காகவும் தடை பெற்றனர். நமக்கு இனிமையாக ஒலிக்கும் பேச்சும் சட்டத்தின் முன் குற்றமாகலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

ஆயினும் சட்டத்தின் நடை மெதுவானது. மகாராஷ்டிரத்தில் 1990ஆம் ஆண்டு நடந்த சட்டமன்றத் தேர்தலையொட்டி எழுந்த அபிராம் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017 ஜனவரி 2 அன்றுதான் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது பற்றிய சட்டத்தின் பொருளைத் தெளிவுபடுத்தியது. வேட்பாளரின் மதத்தை மட்டுமின்றி, வாக்காளரின் மதத்தைச் சுட்டி வாக்குக் கேட்பதும் தவறே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். போலிக் காணொளிகளைத் தங்கள் கவனத்திற்கு வந்த மூன்று மணி நேரத்திற்குள் அகற்ற வேண்டும் என்று 2024 மே 6 அன்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. நம் ஊரிலோ அந்தச் செய்தி பரவ மூன்று மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஆகவே முதல் காவல் நம் விரல் நுனியிலேயே இருக்க வேண்டும். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு நம் மார்க்கம் பணித்திருப்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

இதனை முன்னிட்டு நிர்வாகக் குழு சில முடிவுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்று தெரியாத காணொளியை எவரும் ஜமாஅத் குழுவில் இடலாகாது. கண்டிப்பதற்காகப் பகிர்வதும் பரப்புவதே ஆகும். ஊராரைப் பற்றிய செய்தி வந்தால், உரியவரிடம் முதலில் நேரில் கேட்க வேண்டும். வெறுப்புப் பதிவைக் கண்டால், அதன் இணைப்பையும் நாள், நேரத்துடன் கூடிய திரைப்பதிவையும் செயலாளரிடம் கொடுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் சைபர் குற்றக் காவல் பிரிவுக்கும் முறைப்படி எழுத்து மூலம் புகார் அளிப்போம். தேர்தல் காலத்தில் ஆணையத்தின் சி-விஜில் செயலி வழியாகவும் விதிமீறல்களைத் தெரிவிக்கலாம். எந்தக் கட்சி வேட்பாளராயினும் பள்ளிவாசல் வளாகத்தில் வாக்குக் கேட்க இடமில்லை; வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்குவதைத் தேர்தல் நடத்தை விதிகளும் தடுக்கின்றன.

தேர்தல்கள் வரும், போகும். வென்றவர் தலைநகர் செல்வார். தோற்றவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பார். நாமும் அந்த மளிகைக்கடைக்காரரும் மட்டும் நாள்தோறும் இதே வீதியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். மனக்கசப்பு இருந்தும் சென்ற நோன்பிற்கும் அவருடைய அரிசி மூட்டை நம் வாசலுக்கு வந்தது. அந்த நல்லுள்ளத்திற்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னும் தீரவில்லை. அடுத்த தேர்தலின்போது நாம் காட்டும் நிதானமே அதனைத் தீர்க்கும் என்று கூறி நிறைவு செய்கிறோம்.