பழகிய பட்டறையும் புதிய பட்டறையும்



பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, புணேயிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அகமதாபாத்திலும் இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்துவரும் தமிழ்த் தொழிலாளர் பலர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுள் ஒருவன் என்னும் உரிமையோடு நான் பேச வந்திருக்கிறேன். பல்லாண்டுகள் ஒரே பட்டறையில் உழைத்த ஒருவனுக்கு வேறொரு பட்டறையிலிருந்து அழைப்பு வருகிறது. போவதா, இருப்பதா? இதனை எங்ஙனம் முடிவு செய்வது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பிறர்க்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அத்தகைய அழைப்பு வந்த இரவில் உறக்கமின்றிப் புரண்டவர்க்கே அதன் பாரம் தெரியும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகளின் ஓசைக்கு நடுவே வளர்ந்தவன். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுகள் கடைசல் வேலை பயின்று, அங்கேயே சிறிது காலம் உழைத்து, 1999ஆம் ஆண்டில் புணேயை அடுத்த போசரித் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். ஏறத்தாழ முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை அது. மோட்டார் சைக்கிள் இஞ்சின்களுக்கு வேண்டிய வால்வு கைடுகளும் புஷ்களும் அங்கே கடைந்தோம். முதலாளி மராட்டியர். எல்லோரும் அவரைச் சேட் என்போம். அவர் என்னை 'அண்ணா' என்பார். தென்னாட்டவரை அவ்வாறு அழைப்பது இங்குள்ள வழக்கம். இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த ஒரே கூரையின்கீழ்ச் சென்றன. மணமும், மகளின் பிறப்பும், தந்தையின் மறைவும் அக்காலத்திலேயே நிகழ்ந்தன.

2022ஆம் ஆண்டு ஒருநாள் மாலை, முன்பு எங்களோடு வேலை செய்த சேலத்துத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சாக்கணில் பம்புத் தண்டுகள் செய்யும் பட்டறையொன்றில் அவர் மேற்பார்வையாளராக இருந்தார். "அண்ணே, இங்கே ஓர் இடம் காலியாகிறது. கணினி இயந்திரங்கள்தாம், உங்களுக்குப் பழக்கிக் கொடுப்பார்கள். இருபத்தொன்பதாயிரம் தருவார்கள். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அப்போது நான் வாங்கிக்கொண்டிருந்தது 20,500 ரூபாய். எனக்கு வயது நாற்பத்தாறு.

மகிழ்ச்சி வந்ததைவிட அச்சமே முந்தி வந்தது. அச்சத்தோடு ஒரு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது எங்கள் பட்டறை இரண்டு மாதங்கள் திறக்கவில்லை. அந்நாளில் எத்தனையோ முதலாளிகள் தொழிலாளரைக் கைவிட்டதை நாம் அறிவோம். சேட் எங்கள் அனைவர்க்கும் பாதிச் சம்பளம் அனுப்பினார். அரிசியும் கோதுமையும் வீட்டிற்கே வந்தன. செஞ்சோற்றுக் கடன் என்று நம் முன்னோர் பெரிதாகச் சொன்னார்களே, அந்தக் கடன் என் நெஞ்சை அழுத்தியது.

இரண்டு நாட்கள் இவ்வாறு தவித்த பின்னர் என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து முன்னே வைத்தாள். "நன்றி வேறு, கணக்கு வேறு. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் குழப்பாதீர்கள். முதலில் கணக்கை எழுதுங்கள், நன்றியைப் பிறகு பேசுவோம்" என்றாள். அன்றிரவு நாங்கள் எழுதிய கணக்கையே உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும், வழி ஒன்றே.

முதலாவது, பணிக்கொடை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து உழைத்தவனுக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டிற்கும் பதினைந்து நாள் சம்பளம் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அளவு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே அளவையே கொண்டுள்ளது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து எனக்கு 15,600 ரூபாய். ஒரு நாளைக்கு 600. பதினைந்து நாளைக்கு 9,000. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு 2,07,000 ரூபாய்.

இங்கே பலரும் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. பணிக்கொடை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே நான் விலகினால், அந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் அன்றைய சம்பளத்திலேயே உறைந்துபோகும். இருந்து உழைத்து, ஐம்பத்தெட்டு வயதில் அச்சம்பளம் 23,400 ஆக உயர்ந்திருக்குமாயின், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 4,72,500 ரூபாய் வரும். மாறிச் சென்றால், பழைய 2,07,000ஓடு, புதிய இடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, கடைசிச் சம்பளம் 26,000 என்று கொண்டால், 1,80,000 சேரும். மொத்தம் 3,87,000. மாறுவதனால் பணிக்கொடையில் மட்டும் 85,500 ரூபாய் குறைகிறது.

இரண்டாவது, மருத்துவம். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தமையால் என் குடும்பம் இ.எஸ்.ஐ. காப்பில் இருந்தது. புதிய சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியது. ஆதலால் மருத்துவக் காப்பீட்டை நாங்களே வாங்கியாக வேண்டும். அதற்கு மாதம் ஆயிரம் என்று எழுதினோம். மூன்றாவது, பயணம். போசரியிலிருந்து சாக்கணுக்கு நாசிக் சாலையில் போய்வர வேண்டும். அச்சாலையின் நெரிசலை அறிந்தவர் அறிவர். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று எழுதினோம். சாலையில் கழியும் நேரத்தை ரூபாயில் எழுத இயலவில்லை. 8,500 ரூபாய் என்று தோன்றிய உயர்வு, உண்மையில் 6,000 ரூபாயாகச் சுருங்கியது. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அது 8,64,000 ரூபாய். பணிக்கொடையில் குறைவது போகவும் ஏழே முக்கால் லட்சம் மிகுந்தது.

கணக்கு 'போ' என்றது. ஆனால் கணக்கு ஒன்றை மறந்திருந்தது. புதிய வேலை பன்னிரண்டு ஆண்டுகளும் நிலைத்திருக்கும் என்று அது எண்ணிக்கொண்டது. ஆட்குறைப்பு வருமாயின், கடைசியில் வந்தவனே முதலில் போக வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் முதலாக வரும் பொது நெறி. பழைய பட்டறையில் எனக்கு முன்னே இருவரே மூத்தவர். புதிய பட்டறையில் நானே கடைசி ஆள். ஊரில் இருப்பவனுக்கு வேலை போனால் மாமன் வீடும் மைத்துனன் வீடும் உண்டு. வாடகை வீட்டில் வாழும் நமக்கு வேலையே வேர். இதனை நம்மவர் ஒருபோதும் மறத்தல் ஆகாது.

அப்படியானால் பழைய இடம் நிலையானதா? அதனையும் கேட்க வேண்டும் அல்லவா? நாங்கள் கடைந்தது வால்வு கைடு. மின்சார வண்டியிலோ வால்வும் இல்லை, வால்வு கைடும் இல்லை. எங்கள் பொருளுக்குரிய தேவை ஓராண்டில் மறைந்துவிடாது. என்றாலும் வளரவும் போவதில்லை. சேட்டுக்கு எழுபது வயதை நெருங்கியது. மகன் வேறு தொழிலில் இருந்தார். புதிய இயந்திரம் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டில் இருமுறை சம்பளம் பத்து நாள் தாமதமாயிற்று. முப்பத்தைந்து ஆண்டுக்குரிய பணிக்கொடை ஏட்டில் பெருந்தொகைதான். அதைக் கொடுக்க அன்றைக்கு அந்தப் பட்டறை இருக்க வேண்டுமே!

அடுத்து, என் தொழிலறிவைப் பற்றி எண்ணினேன். நான் இயக்கிய பழைய லேத்தில், சக்கை ஒட்டிய பகுதியில் பெட் தேய்ந்திருந்தது. பெரும்பாலான வேலை அங்கேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் மிகும். அதில் கடைந்த பொருள் ஒரு முனையில் சற்றே பருத்துவரும். எவ்விடத்தில் எத்துணைக் கை கொடுத்தால் அது நேராகும் என்பதை நான் மட்டுமே அறிவேன். அதனால் பட்டறையில் எனக்கு மதிப்பும் இருந்தது. அன்றிரவு எனக்கு உறைத்தது இது: அந்த அறிவு அந்த ஓர் இயந்திரத்தோடு ஒட்டியது, வாசலைத் தாண்டினால் அதற்கு விலை இல்லை. மைக்ரோமீட்டரை உணர்ந்து பிடிப்பது, உலோகத்தின் குணம் அறிவது, வெட்டும் ஓசையைக் கேட்டே உளியின் முனை மழுங்கியதைச் சொல்வது ஆகியவை எங்கும் கூட வருபவை. பழகிய இடத்தில் நெடுங்காலம் இருப்பவர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

முடிவு செய்தேன். ஆயினும் ஒளிந்து போக மனம் ஒப்பவில்லை. சேட்டின் அறைக்குச் சென்று நின்றேன். மராட்டியில் பேச எண்ணிச் சென்றவனுக்குச் சொற்கள் வரவில்லை. அவரே, "சாக்கணா, அண்ணா?" என்றார். செய்தி முன்னமே எட்டியிருந்தது. "ஊரடங்கில் நீங்கள் செய்ததை மறக்கவில்லை" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது நான் செய்ய வேண்டியது. நீ இருபது வருஷம் செய்ததற்கு முன்னால் அது பெரிதில்லை. ஆனால் உடனே போகாதே, அந்த லேத்தை யாருக்காவது சொல்லிக் கொடு" என்றார்.

சாக்கண் பட்டறையில் இரண்டு மாதத் தவணை கேட்டுப் பெற்றேன். பீகாரிலிருந்து வந்த இளைஞன் ஒருவனுக்கு அந்தத் தேய்ந்த லேத்தின் இரகசியம் முழுவதையும் கற்பித்தேன். நான் செய்த சிறந்த கடனடைப்பு அதுவே என்று கருதுகிறேன். நன்றி என்பது ஒருவன் காலமெல்லாம் ஒரே இடத்தில் நிற்பதனால் மட்டும் தீர்வதில்லை. செவ்வையாக விடைபெறுவதும் நன்றியே. என் பணிக்கொடையைச் சேட் இரண்டு தவணைகளில் முழுதும் கொடுத்தார்.

புதிய இடம் பூம்படுக்கையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இருபத்தாறு வயது இளைஞர் எனக்கு ஆசிரியரானார். கைப்பிடியைச் சுழற்றிப் பழகிய விரல்கள் பொத்தான்களுக்குமுன் தடுமாறின. முதல் வாரத்திலேயே நான்கு தண்டுகளைக் கெடுத்தேன். பேருந்தில் திரும்பும்போது, பழைய பட்டறையின் நிறுத்தம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்றாம் மாதத்தில் ஒன்று நிகழ்ந்தது. காலையில் கடையும் முதல் சில தண்டுகள் மட்டும் அளவு பிசகின, நண்பகலில் சரியாயின. நிரலை எத்தனை முறை சோதித்தும் பிழை அகப்படவில்லை. நூறு மில்லிமீட்டர் எஃகு பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ பன்னிரண்டு மைக்ரான் நீளும் என்பதைப் பழைய லேத்துக்காரன் கையால் அறிவான். "இயந்திரத்தைச் சிறிது நேரம் வெறுமனே ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் தொடங்குவோம்" என்றேன். பிசகு நின்றது. அன்று முதல் அந்த இளைஞர் என்னையும், நான் அவரையும் கேட்டுக் கற்றுக்கொள்கிறோம்.

என்னோடு அதே அழைப்பைப் பெற்ற நண்பர் ஒருவர் போகவில்லை. அவர் மனைவிக்கு நீண்டநாள் நோய், இ.எஸ்.ஐ. மருத்துவமனையை விட்டு அவரால் விலக இயலாது. அவர் எழுதிய கணக்கு 'இரு' என்றது, இருந்தார். அவர் முடிவு அவர்க்குச் சரி. ஆகவே, போனவன் துணிந்தவன், இருந்தவன் கோழை என்று எவரும் எண்ணவேண்டா. எழுதிப் பாராமல் போவதும், எழுதிப் பாராமல் இருப்பதும் ஆகிய இரண்டுமே தவறு.

மாற எண்ணும் அன்பர்களுக்குச் சில சொற்கள். புதிய பட்டறையின் நியமனக் கடிதம் கைக்கு வரும்முன் பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். உங்கள் பெயர் பட்டறையின் பதிவேட்டில் ஏறுகிறதா, ஒப்பந்தக்காரர் பதிவேட்டிலா என்று கேட்டறியுங்கள். அக்கடிதத்தில் உள்ள பெயரே நாளைக்குப் பொறுப்பாளி. வருங்கால வைப்பு நிதியைக் கைச்செலவுக்கு எடுத்துவிடாமல் புதிய கணக்கிற்கு மாற்றுங்கள். மாற்றினால் ஆண்டுகள் தொடரும். மாத ஓய்வூதியத்திற்குப் பத்தாண்டுப் பணி வேண்டும் என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு நாள் அங்கே சென்று, அவ்விடத்துத் தொழிலாளர் உணவு உண்ணும் வேளையில் உடன் அமர்ந்து பேசுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்பதை முதலாளியைவிட அவர்களே சரியாகச் சொல்வார்கள்.

நான் மாறிச் சென்று மூன்று ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தீபாவளிக்கு இனிப்பு எடுத்துக்கொண்டு சேட்டைக் காணச் செல்வது வழக்கம். சென்றமுறை பட்டறைக்குள் அழைத்துப் போனார். அந்தப் பழைய லேத் ஓடிக்கொண்டிருந்தது. பீகார் இளைஞன் என்னைக் கண்டு சிரித்துவிட்டு, தேய்ந்த இடம் வந்ததும் கைப்பிடியை ஒரு சிறிது திருப்பினான். கடைந்த பொருளை எடுத்து என்னிடம் நீட்டினான். அளந்து பார்த்தேன், அளவு சரியாக இருந்தது.