உழைப்பைப் பங்காக எடு! ஊர்க் களத்தைச் செப்பனிடு!

(ஊர்ப் பொது இடங்களைச் செப்பனிட நிதி கேட்டு நடக்கும் போராட்டத்தை விளக்கி, சாயர்புரத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்றைக்கு நாம் கடன் தள்ளுபடி கேட்டு வரவில்லை. உர விலையைப் பற்றியும் பேசப் போவதில்லை; அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். நாம் கேட்பது நெல்லும் உளுந்தும் காயப் போட ஒரு களம். மழைக்கு ஒழுகாத ஒரு சமுதாயக்கூடம். சுடுகாட்டுக்குச் சகதியில் இறங்காமல் போக ஒரு பாதை. இதில் எதுவும் எவர் வீட்டுச் சொத்தும் கிடையாது. ஊர்ச் சொத்து. அது உடைந்து கிடந்தால் யார் சரி பண்ணுவது என்பதுதான் கேள்வி.

களத்தை எடுத்துக்கொள்வோம். முந்தி கையால் அறுத்து, கட்டுக் கட்டி, சூடடித்து, தூற்றி வீடு சேர்க்கிறதுக்குள்ளே நெல் பாதி காய்ந்துவிடும். இப்போது மெஷின் வந்து ஒரு மணி நேரத்தில் வயலைக் காலி பண்ணிவிட்டுப் போகிறது. நெல் ஈரத்தோடு வந்து விழுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். எங்கே காயப் போட? நம்ம களம் வெடித்து, நடுவில் கோரை முளைத்துக் கிடக்கு. அதனால் தார் ரோட்டில் கொட்டுகிறோம். பஸ் வந்தால் அவர் திட்டுகிறார், பைக் வழுக்கினால் இவர் திட்டுகிறார், ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. ராத்திரி தூறல் விழுந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இத்தனை பாடும் வேண்டாமென்று ஈர நெல்லாகவே வியாபாரிக்குப் போட்டால், அவர் சொன்னதுதான் விலை. களத்துக்குச் சிமெண்டு பூசாத குற்றத்துக்கு வருஷா வருஷம் நாம்தான் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, வாழை தாரோடு தண்ணீரில் படுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலே நின்றுபோய், பயணிகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது என்ன? மேட்டில் இருந்த பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், சர்ச் வளாகம், கூரை தாங்கி நின்ற சமுதாயக்கூடம். பொது இடம் என்றால் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் என்று நினைத்தவர்களுக்கும் அன்றைக்குப் புத்தி வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு நிவாரணம், பயிருக்கு நிவாரணம் என்று கணக்கெடுத்தார்கள். பற்றியதா, பற்றவில்லையா என்பது வேறு. ஆனால் களத்துக்கும் கூடத்துக்கும் பட்டாதாரர் கிடையாதே, யார் பேரில் மனு எழுதுவது?

நாங்கள் ஐந்து பேர் மனுவோடு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். “நமக்கு நாமே திட்டத்துல போடலாம் அண்ணாச்சி. மூணுல ஒரு பங்கு ஊர்ப்பணமா கட்டிருங்க, மீதி அரசு தரும்” என்றார். ஆறு லட்சத்துக்கு வேலை என்றால் ரெண்டு லட்சம் நாம் முன்னால் கட்ட வேண்டும். அப்போதுதான் வாழை போன வருஷம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

சாயர்புரம் படிப்புக்குப் பேர் போன ஊர். 1840-களில் ஜி.யூ. போப் வந்து பள்ளி நடத்திய மண். ஆகவே விதி என்ன சொல்கிறது என்று நாமே படித்துப் பார்த்துவிடுவோமென்று சங்கத்தில் உட்கார்ந்து படித்தோம்.

நமக்கு நாமே திட்டம் 1997-98-ல் வந்தது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பேர் மாறியது. 2021-ல் பழைய பேரிலேயே திரும்ப வந்தது. பேர் மாறினாலும், ஆட்சி மாறினாலும், ஊர்க்காரன் பங்கு கட்ட வேண்டும் என்கிற ஏற்பாடு மாறவில்லை. பொதுவில் மூன்றில் ஒரு பங்கு. கிராமப்புறத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் கட்டுகிறவர் வேலையைத் தானே எடுத்துச் செய்யவும் இடம் உண்டு. திட்டம் கெட்ட திட்டம் என்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் சம்பாதிக்கிற ஊர், பக்கத்தில் கம்பெனி இருக்கிற ஊர், மில் முதலாளி இருக்கிற ஊர் ஒரே நாளில் பங்கைக் கட்டிவிடும். அங்கே பூங்கா வரும், நடைபாதை வரும். ஒன்றும் இல்லாத ஊரில் களம் வெடித்தபடியே கிடக்கும். இருக்கிறவனுக்கு அரசு ரெண்டு பங்கு சேர்த்துத் தருகிறது, இல்லாதவனுக்கு ஒரு பங்கும் இல்லை.

“சரி, பணம் இல்லை. கையும் காலும் இருக்குல்ல?” என்று நம்ம தாய்மார் ஒருத்தர் சங்கக் கூட்டத்தில் கேட்டார். அதுதான் இந்தப் போராட்டத்துக்கு விதை. நம்மிடம் டிராக்டர் இருக்கு, சட்டி, மண்வெட்டி இருக்கு, கொத்தனார் இருக்கிறார், சித்தாள் இருக்கிறார். கோரையை வெட்டி, பழைய சிமெண்டைப் பெயர்த்து, சரள் அடித்து மட்டம் பண்ணித் தருவோம். அந்தக் கூலியைக் கணக்குப் போட்டு நம்ம பங்காக வரவு வையுங்கள் என்கிறோம்.

இது நாம் கண்டுபிடித்த புதுமை இல்லை. குடிமராமத்து என்பதே அதுதான். வடகாலிலும் குளத்திலும் வீட்டுக்கு ஒரு ஆள் போய் மண் எடுத்த காலம் நம்ம பெரியவர்களுக்குத் தெரியும். 2016-17-ல் அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தபோது பாசனக்காரர் பங்கு 10 சதவீதம் என்று வைத்தார்கள். அதைப் பணமாகத் தரலாம், பொருளாகத் தரலாம், உழைப்பாகவும் தரலாம் என்றார்கள். அதில் விவசாயி பேரைப் போட்டுக் கான்ட்ராக்டர் புகுந்த புகாரெல்லாம் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறோம்: குளத்துக்கு உழைப்பு பங்காகும் என்றால், களத்துக்கு ஏன் ஆகாது? கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் கொண்டு வந்தபோது பயன்பெறுகிற மக்களே கமிட்டி போட்டு வேலை செய்யவில்லையா?

இன்னொரு வம்பும் இருக்கு. நாம் இருப்பது பேரூராட்சி. பார்த்தால் சுற்றிலும் வயலும் வாழையும். காகிதத்தில் நாம் நகர்ப்புறம்! 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் ஊராட்சிகளுக்குத்தான். 2025 டிசம்பரில் அதை மாற்றிக் கொண்டு வந்த சட்டமும் கிராமப்புறத்துக்குத்தான். 2006-07-ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் கொடுத்தார்கள். அப்புறம் பேரூராட்சிக்கும் 50 லட்சம் என்று தனித் திட்டம் போட்டார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் பேரூராட்சி என்றதும் அதிகாரிகள் கண்ணுக்கு ரோடும் வடிகாலும் பஸ் நிறுத்தமும்தான் தெரிகிறது. களமா, அது கிராமத்து வேலையாச்சே என்கிறார்கள். 2004-ல் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சி என்று மாற்றினார்கள். மத்திய அரசின் கிராம நிதி கிடைக்கட்டும் என்றுதான். 2006-ல் திரும்பப் பேரூராட்சி ஆக்கினார்கள். ரெண்டு வருஷத்தில் ரெண்டு தடவை போர்டை மாற்றி எழுதினார்கள். நெல் காய்கிற இடம் மட்டும் அதே தார் ரோடு.

ஆகவே நாம் கேட்பது இதுதான். நமக்கு நாமே திட்டத்தில் உழைப்பையும் வண்டி வாடகையையும் ஊர்ப் பங்காக ஏற்க வேண்டும். 2023 வெள்ளத்தில் சேதமான களம், கூடம், சுடுகாட்டுப் பாதைக்குப் பங்கே கேட்காமல் முழு நிதி தர வேண்டும். விவசாயம் நடக்கிற பேரூராட்சிகளில் உலர்களத்தை அடிப்படை வசதி என்று சேர்க்க வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பீடு, யார் கான்ட்ராக்ட் என்று வேலை நடக்கிற இடத்திலேயே போர்டு வைக்க வேண்டும். நாலாவது கோரிக்கைக்குக் காசு செலவே இல்லை, ஆனால் அதற்குத்தான் ரொம்ப இழுப்பார்கள் என்று நினைக்கிறோம்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை எட்டு மணிக்கு எல்லாரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட வேண்டும். மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள் இன்றைக்கே மேடைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பழைய மனு கொடுத்த ரசீது வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். வீட்டுக்கு ஒரு மண்வெட்டியும் கொண்டு வாருங்கள். நம்ம பங்கு இதுதான் என்று வாசலில் நின்று காட்டுவோம்.