விண்ணப்பம் போடத் தெரியாத வீட்டுப் பிள்ளை

(தலைப்பு: அரசுப் பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சிறப்புத் திட்டங்களில் சேர்க்கும் பொறுப்பு பெரிதும் பெற்றோருக்கா? பள்ளிக்கா? ‘பள்ளிக்கே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! ‘பெற்றோருக்கே’ என்று மேடையிலே முழங்கிவிட்டு, கீழே இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டு, ‘பையன் படிக்கிறானான்னு நீ கொஞ்சம் பாரு’ என்று மொத்தப் பொறுப்பையும் மனைவியிடம் ஒப்படைத்த எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) சமையலறைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவிலே நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

எதிரணியிலே முதலில் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. ‘பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளையோட அருமை?’ என்று. தெரியும்மா. ரொம்ப நல்லாத் தெரியும். தேவைக்கு மேலேயே தெரியும். எங்க தெருவிலே ஒரு அப்பா. அவர் பையனுக்கு மூணு வயசு. டி.வி. ரிமோட்டைப் பிரிச்சுப் போட்டுட்டான். அப்பா தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றார், ‘சார், இவன் விஞ்ஞானி சார்!’ ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தேன். ‘விஞ்ஞானி என்ன சார் பண்றார்?’ன்னு கேட்டேன். ‘திருப்பி மாட்டத் தெரியலை சார், புது ரிமோட் முந்நூறு ரூபாய் ஆச்சு’ன்னார். (சிரிப்பு)

அந்த அப்பாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லைங்க. அவர் நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போவார். தலைமையாசிரியர் அறை வாசலிலே உட்காருவார். எந்தத் தேர்வு, எந்தத் தேதி, எந்தப் படிவம் என்று கேட்டு வாங்கிவிடுவார். பிள்ளைக்குத் திறமை இருக்கோ இல்லையோ, அப்பாவுக்கு வாய் இருக்கு. நான் பேச வந்தது வாய் இல்லாத அப்பாவைப் பற்றி.

இந்த அரங்கத்திலே இருக்கிறவங்களை ஒன்று கேட்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு இருக்கு. தெரிஞ்சவங்க கை தூக்குங்க. பாருங்க, பத்துக் கை. அதிலே ஆறு பேர் வாத்தியார்! (சிரிப்பு) 2008-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். எட்டாம் வகுப்போடு பிள்ளை நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே வந்தது. நாடு முழுக்க ஆண்டுக்கு 1 லட்சம் பிள்ளைகள். தமிழ்நாட்டுக்கு மட்டும் 6,695 இடம். தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, 2017 முதல் மாதம் 1,000 ரூபாய் கணக்கு. நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். பிள்ளையின் பெயரிலே உள்ள வங்கிக் கணக்குக்கே வரும்.

ஒன்பதாம் வகுப்பிலே ‘ட்ரஸ்ட்’ தேர்வு. ஊரகத் திறனாய்வுத் தேர்வு. 1991-லேயே அரசாணை போட்டாச்சு. கிராமப்புறப் பள்ளிகளிலே படிக்கிற பிள்ளைகளுக்கு, மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண். பதினோராம் வகுப்பிலே தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு, 2022-ல் வந்தது. அதற்கு மேலே, மாவட்டந்தோறும் தங்கிப் படிக்க அரசு மாதிரிப் பள்ளி. நவோதயா ஏன் தமிழ்நாட்டிலே இல்லை என்று எதிரணித் தம்பி கேட்டார். அது வேற பட்டிமன்றம். அதுக்கு நடுவர் ஐயா தனியா சம்பளம் கேட்பார். (சிரிப்பு)

ஆக, திட்டம் இருக்கு. பணம் இருக்கு. கெட்டிக்காரப் பிள்ளையும் இருக்கு. நடுவிலே ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கு. அதை யார் நிரப்புறது? அதுதாங்க இன்றைய வழக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்துப் பள்ளி. ஊர் பேர் வேண்டாம். செங்கல் சூளை நிறைய உள்ள பகுதி. எட்டாம் வகுப்பிலே ஒரு பெண் பிள்ளை. சனி, ஞாயிறு அம்மாகூட சூளைக்குப் போவாள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். வருகைப் பதிவேட்டிலே பாதி நாள் ஆப்சென்ட். வகுப்பிலே வாயைத் திறக்கவே மாட்டாள். ஆனா சூளையிலே கணக்கு அவள்தான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு, இந்த வாரம் அறுத்தது இத்தனை, மழையிலே கரைஞ்சது இத்தனை, வாங்கின முன்பணத்திலே பிடிச்சது போக மிச்சம் இவ்வளவு... நாலு குடும்பத்துக் கணக்கை மனசிலேயே போட்டு, மேஸ்திரி நோட்டிலே தப்பு கண்டுபிடிப்பாள். மேஸ்திரிக்கு அவளைக் கண்டாலே பிடிக்காது. (சிரிப்பு)

நடுவர் ஐயா, இந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்று யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குத் தெரியும். ஆனா அந்த அம்மாவைப் பொறுத்தவரைக்கும் அது திறமை இல்லை, ஒத்தாசை. ‘எம் பொண்ணு கணக்கிலே கெட்டி’ என்று சொல்வாள். ‘அதனாலே இவளுக்கு ஒரு தேர்வு இருக்கணும், அரசாங்கத்திலே இதுக்கு ஒரு திட்டம் இருக்கணும்’ என்று அவளுக்கு எப்படித் தோணும்?

பள்ளிக்கூடத்திலே என்ன நடந்தது? நானும் வாத்தியார்தான், அதனாலே தைரியமாச் சொல்றேன். அங்கே வருஷா வருஷம் ஒரு வழக்கம். ‘பாஸ் ஆகிற பிள்ளை பத்துப் பேரை மட்டும் அனுப்புங்க, எல்லாரையும் அனுப்பினா நம்ம பர்சென்டேஜ் கெட்டுப்போகும்.’ அந்தப் பத்துப் பேர் யார்? முன் பெஞ்ச், முத்து முத்தான கையெழுத்து, வீட்டுப்பாடம் தவறாத பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லலை. ஆனா அந்தப் பட்டியலிலே சூளைக்காரப் பெண் எந்தக் காலத்திலும் வரமாட்டாள்.

அந்த வருஷம் புதுசா மாறுதலிலே ஒரு ஆசிரியை வந்தாங்க. பத்துப் பேர் பட்டியலைக் கிழிச்சுப் போட்டாங்க. எழுதத் தகுதியுள்ள அத்தனை பேரையும், 43 பிள்ளைகள், தேர்வுக்கு உட்கார வைக்கிறேன்னு நின்னாங்க. கட்டணம் 50 ரூபாய் கொடுக்க முடியாத பிள்ளைக்குத் தானே கட்டினாங்க. தேர்வுக்கு வேணும்னு சொன்ன வருமானச் சான்றிதழுக்கு அந்த அம்மா இ-சேவை மையத்துக்கு ரெண்டு தடவை போனாங்க. ஒரு தடவை சர்வர் இல்லை, ஒரு தடவை ரேஷன் கார்டிலே பேர் சரியில்லை. ரெண்டு நாள் கூலி போச்சு. மூணாவது தடவை அந்த ஆசிரியையே கூடப் போனாங்க.

43 பேரிலே ரெண்டு பேர் தேறினாங்க. ஒண்ணு சூளைக்காரப் பெண். இன்னொண்ணு கடைசி பெஞ்ச் பையன். அவனை அந்தப் பத்திலே மட்டுமில்லை, இருபதிலேகூட யாரும் சேர்த்திருக்க மாட்டாங்க. (கைதட்டல்) ‘ஒன்பதாவது எதுக்கு, சூளைக்கு வரட்டும்’னு சொன்ன அப்பா, மாசம் ஆயிரம் ரூபாய் பாஸ்புக்கிலே ஏறும்னு தெரிஞ்ச பிறகு வாயை மூடிக்கிட்டார். ஆயிரம் ரூபாய் நமக்குப் பெரிசில்லைங்க. ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போறதா, கல் அறுக்கப் போறதா என்று முடிவு செய்ய அந்த வீட்டிலே அது போதுமா இருந்தது.

உடனே எதிரணி நண்பர் குறுக்கே எழுந்து, ‘பார்த்தீங்களா, பள்ளிக்கூடம் பாரபட்சம் காட்டும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க’ என்கிறார். ஒத்துக்கறேன் ஐயா! அதனாலேதான் சொல்றேன், பெற்றோர் சிபாரிசும் வேண்டாம், ஆசிரியர் சிபாரிசும் வேண்டாம். எல்லாப் பிள்ளையையும் பள்ளிக்கூடமே உட்கார வைக்கட்டும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவிலே ஃபுளோரிடா மாநிலத்திலே பிராவர்ட் என்று ஒரு பெரிய பள்ளி மாவட்டம். அங்கே அரசுப் பள்ளியிலேயே அதிக்கூர்மையான பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. நுண்ணறிவுத் தேர்விலே 130 எடுக்கணும். வீட்டிலே இங்கிலீஷ் பேசாத பிள்ளைக்கும், ஏழைப் பிள்ளைக்கும் 116 போதும்னு சலுகைகூடக் கொடுத்தாங்க. சலுகை இருந்தும், அந்த வகுப்புகளிலே கறுப்பினப் பிள்ளைகளும் ஹிஸ்பானிக் பிள்ளைகளும் ரொம்பக் குறைச்சல். மாவட்டத்திலே பாதிக்கு மேலே அவங்கதான். ஆனா தனி வகுப்பிலே நூற்றுக்கு 28 பேர். ஏன்? அந்தத் தேர்வை எழுதணும்னா ஆசிரியரோ பெற்றோரோ முதலிலே பெயர் கொடுக்கணும். வசதியுள்ள பெற்றோர் காசு கொடுத்து வெளியே தனியார் மனநல நிபுணரிடமே தேர்வு வைத்துச் சான்றிதழோடு வந்துடுவாங்க. நம்ம ரிமோட் அப்பா அங்கேயும் இருக்கார்! (சிரிப்பு)

2005-ல் அந்த மாவட்டம் ஒரு காரியம் பண்ணுச்சு. யாரும் பெயர் கொடுக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பிலே படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியே ஒரு சின்னத் தேர்வு வைக்கும். அதிலே எழுத்தே கிடையாது, வெறும் படமும் வடிவமும். அதிலே தேறினா அடுத்த தேர்வு. அவ்வளவுதான். மதிப்பெண் வரம்பை ஒரு புள்ளி குறைக்கலை. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்று ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்கெடுத்தாங்க. இந்த டேவிட் கார்ட் 2021-ல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர். என்ன ஆச்சு? ஹிஸ்பானிக் பிள்ளைகளிலே நூற்றுக்கு 2 பேர் தேர்வானது 6 பேர் ஆச்சு. கறுப்பினப் பிள்ளைகளிலே 1 பேர் 3 பேர் ஆனாங்க. மூணு மடங்கு! ராத்திரியோட ராத்திரியா மூளை வளர்ந்துடுச்சா? இல்லைங்க. அந்தப் பிள்ளைகள் முன்னேயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாங்க. யாரும் கேட்கலை. (கைதட்டல்)

இன்னொரு செய்தியும் கேளுங்க. பொருளாதார நெருக்கடி வந்து பட்ஜெட்டை வெட்டினப்போ, அந்த மாவட்டம் இந்தத் தேர்வைக் கைவிட்டது. மறுபடியும் பழைய சிபாரிசு முறை. எண்ணிக்கையும் பழைய இடத்துக்கே போயிடுச்சு. பெற்றோர் அதே பெற்றோர், பிள்ளைகளும் அதே மாதிரிப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் பொறுப்பை எடுத்துக்கிட்டபோது பிள்ளை உள்ளே வந்தது, விட்டபோது வெளியே நின்னது. எதிரணியிலே இருந்து இதுக்கு யாராவது பதில் சொன்னா நான் பேச்சை இங்கேயே நிறுத்திக்கறேன்.

எதிரணித் தலைவர் ராமானுஜத்தை இழுத்தார். ‘ராமானுஜத்தை எந்தப் பள்ளிக்கூடம் கண்டுபிடிச்சது?’ என்று கேட்டார். அருமையான கேள்வி, எங்களுக்காகக் கேட்ட கேள்வி. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலே 1904-ல் அவருக்கு உதவித்தொகை கிடைச்சது. கணக்கைத் தவிர மற்ற பாடமெல்லாம் போச்சு, உதவித்தொகையும் போச்சு. அவர் அம்மா சும்மா இருந்தாங்களா? கல்லூரி முதல்வரையே நேரிலே போய்ப் பார்த்தாங்க. நடக்கலை. பெற்ற தாய் வாசல்வரைக்கும் போனாங்க, உள்ளே இருந்தவங்க திறக்கலை. 1912-ல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே வாங்காத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அப்போதான் கணக்கைத் தவிர வேறே வேலை இல்லாம உட்கார முடிஞ்சது. கொடுத்தது யாரு? ஒரு கல்வி நிறுவனம். தலைவர் ஐயா, நன்றி! (சிரிப்பு, கைதட்டல்)

பெற்றோருக்கு வேலையே இல்லைன்னு நான் சொல்லலை. பெண் பிள்ளையை மாதிரிப் பள்ளி விடுதியிலே விடறதுக்கு ஒரு அம்மா பயப்படறாங்கன்னா, அந்தப் பயம் நியாயமான பயம். கையெழுத்து அவங்கதான் போடணும். ஆனா அந்தப் பயத்தைப் போக்க யார் போகணும்? விடுதி எப்படி, வார்டன் யாரு, லீவுக்கு எப்படி வரலாம், போன் பேச விடுவாங்களா... இதெல்லாம் தெரிஞ்ச ஒரு டீச்சர் அந்த வீட்டுத் திண்ணையிலே போய் உட்கார்ந்து சொன்னா, அந்த அம்மா கையெழுத்துப் போடுவாங்க. நோட்டீஸ் போர்டிலே ஒட்டிவெச்சா போட மாட்டாங்க. நோட்டீஸ் போர்டை நம்ம வீட்டிலே யாராவது படிச்சிருக்கோமா?

நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயங்க. பத்துப் பேர் பட்டியல் போடற வழக்கம் ஒழியட்டும். தகுதியுள்ள பிள்ளை அத்தனை பேர் பெயரையும் பள்ளியே ஏத்தட்டும்; வேண்டாம்னு சொல்ற பெற்றோர் மட்டும் வந்து எழுதிக் கொடுக்கட்டும். வருமானச் சான்றிதழுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடத்திலேயே முகாம் போடட்டும். எத்தனை பேர் ஃபெயில்னு தலைமையாசிரியரைக் கேட்கிறதை விட்டுட்டு, எத்தனை பேரை உட்கார வெச்சீங்கன்னு மேலே இருக்கிறவங்க கேட்கட்டும்.

மணி அடிச்சிட்டாங்க. அடுத்துப் பேச வரப்போற எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பம் போட இந்த வருஷம் கடைசித் தேதி எது? கையிலே இருக்கிற செல்போனைப் பார்க்காம அதைச் சொல்லட்டும். சொல்லிட்டு, அப்புறமா ‘பெற்றோருக்கே’ன்னு பேசட்டும். (பலத்த கைதட்டல்)