கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டு ஏன் பயப்படுகிறோம்?

(அம்பத்தூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் பள்ளிகளில் சிறார் திரைப்படம் திரையிட்டு, முடிந்ததும் பிள்ளைகளைப் பேசச் சொல்கிறோம். இன்று நாம் பேசுவோம். நான் எடுத்துக்கொண்ட படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம்; நாம் பார்க்கலாம். 2007இல் வந்த 'ஜோஷுவா' என்ற அமெரிக்கப் படம். இயக்கியவர் ஜார்ஜ் ராட்லிஃப். குறைந்த செலவில் எடுத்தது. பெரும்பகுதி ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பேய் கிடையாது.

ஜோஷுவாவுக்கு ஒன்பது வயது. பியானோவில் மேதை. வீட்டில் தங்கைப் பாப்பா பிறக்கிறது. ஓயாமல் அழும் குழந்தையோடு அம்மாவின் மனநிலை குலைகிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுதல்கள் நடக்கின்றன. பக்கத்தில் இந்தப் பையன் தலையை வழித்து வாரி, மரியாதையாக நிற்கிறான். பள்ளி விழாவில் ஓர் எளிய குழந்தைப் பாட்டை வேண்டுமென்றே சிதைத்து வாசிக்கிறான். நல்ல மார்க் வாங்கும் பிள்ளை திடீரென வெற்றுத்தாள் கொடுப்பது போலத்தான் அது. "ஏம்ப்பா இப்படி?" என்று உட்கார்ந்து கேட்க ஒரு பெரியவர் வேண்டிய இடம்.

அதே 2007இல்தான் 'தாரே ஜமீன் பர்' வந்தது. அங்கே ஈஷானின் தோல்வி எல்லோர் கண்ணிலும் படுகிறது, திறமை படவில்லை. இங்கே திறமை எல்லோர் கண்ணிலும் படுகிறது, பிள்ளை படவில்லை. நம் பாண்டிராஜின் 'பசங்க 2' பார்த்திருப்பீர்கள். துறுதுறுப்பு அதிகமான இரண்டு பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார்கள். 'ராட்சசன்' கொலைகாரனின் முன்கதையும் பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு பையனிடம்தான் போய் நிற்கிறது.

சினிமாவை விடுங்கள். ஆவடிப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்தை அச்சு அசலாகப் போடுவான். ஒரு கையெழுத்துக்கு ஒரு சமோசா. பதினான்கு கார்டுகள்! எப்படி மாட்டினான் தெரியுமா? கைநாட்டு வைக்கும் ஓர் அம்மா அந்த முறை அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆசிரியர் அறையில் ஒரே கொந்தளிப்பு. "டி.சி. கொடுத்துடலாம் சார், நாளைக்கு செக்குல போடுவான்." தலைமையாசிரியை அவனை எதிரே உட்கார வைத்து, எப்போது ஆரம்பித்தாய் என்று மட்டும் கேட்டார். ஐந்தாம் வகுப்பில், தன் கார்டுக்கு. அப்பாவுக்கு எஸ்டேட்டில் லேத் பட்டறையில் நைட் ஷிப்ட். அவர் வரும்போது இவன் பள்ளிக்குக் கிளம்பியிருப்பான். அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி, இருட்டிய பிறகுதான் வருவார். கார்டை நீட்ட ஆள் இல்லை. இரண்டு வருடம் யாரும் கவனிக்கவும் இல்லை.

டி.சி. கொடுக்கவில்லை. அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் பேசினோம். பதினான்கு வீட்டுக்கும் அவனே என்னோடு வந்து விஷயத்தைச் சொல்லி, உண்மையான கையெழுத்தை வாங்கினான். ஓவிய ஆசிரியர் பெயர்ப்பலகை எழுதும் வேலையைக் கொடுத்தார். உடனே திருந்திவிட்டான் என்று கதை விட மாட்டேன். அடுத்த மாதமே தலைமையாசிரியை குரலில் பேசி, பக்கத்து வகுப்பைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பப் பார்த்தான்!

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சேட்டை வேறு. சின்னப் பிள்ளையையோ நாய்க்குட்டியையோ நோகடித்து ரசிக்கிறான் என்று தெரிந்தால் நம் அறிவுரை போதாது. பெற்றோரோடு பேசி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பத்தான் வேண்டும். 14417க்கும் அழைக்கலாம். அவர்கள் வெகு சிலர்.

மற்றவர்கள் நம் வகுப்பில் தினமும் இருக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பும் மொட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போது, மலரில் ஒரு பிள்ளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நம் முகத்தையே பார்க்கும். நாம் என்ன செய்கிறோம்? சாக்பீஸைக் கையில் கொடுத்து, "பேசுறவங்க பேரை போர்டுல எழுது" என்கிறோம். ஜோஷுவாவுக்கு அதைவிடப் பிடித்த வேலை இருக்காது. சாக்பீஸ் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு கணக்கு எழுதிப் போடு, முடிந்தால் என்னை மடக்கு என்று சொல்லிக் கொடுங்கள்.