அயலார் பிடிக்கும் அளவுகோல்



எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு மூண்டால், வேற்றூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து அளக்கச் சொல்வதை என் இளமையில் கண்டிருக்கிறேன். உள்ளூரில் அளக்கத் தெரிந்தவர் இல்லாமலா? இரு தரப்புக்கும் உறவில்லாதவர் அளந்தால்தான் தோற்றவனும் அந்த அளவை ஏற்றுக்கொள்வான்.

ஆசிரியனான பின் இவ்வுண்மை எனக்கே பாடமாயிற்று. என் மகன் என் வகுப்பிலேயே பயின்றான். அவனுடைய விடைத்தாளை நானே திருத்தினேன். மதிப்பெண்ணில் தவறில்லை, ஆயினும் ஏனைய பிள்ளைகளின் கண்களில் ஐயம் நின்றது. மறுமுறை முதல் அத்தாளை வேறோர் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆட்சியில் இருப்பவர் மீதே வழக்கு நடக்கும்போது அரசுத் தரப்பில் வாதாடுபவர் யார்? செல்வி ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் இக்கேள்வி எழுந்தது. வழக்குத் தொடுக்கப்பட்டபோது ஆண்டது எதிர்க்கட்சி. 2001க்குப் பின் ஆண்டதோ அவருடைய கட்சி. அப்போது 76 சாட்சிகள் மீண்டும் அழைக்கப்பட்டனர். அவர்களுள் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சிகள் என அறிவிக்கக் கோரவில்லை. திரு. க. அன்பழகன் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 2003 நவம்பர் 18ஆம் நாள் வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. கர்நாடக உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து, அம்மாநில அரசே சிறப்பு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

2014 செப்டம்பர் 27இல் தண்டனை வழங்கப்பட்டது. முதலமைச்சர் பதவியும் பறிபோயிற்று. மேல்முறையீட்டில் தமிழக அரசு நியமித்த வழக்கறிஞர் வாதாடினார். அவரை நியமிக்க அவ்வரசுக்கு அதிகாரமில்லை என 2015 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறிற்று. அடுத்த மாதம் உயர்நீதிமன்றம் நால்வரையும் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14இல் உச்சநீதிமன்றம் ஏனைய மூவரின் தண்டனையை நிலைநிறுத்தியது; ஜெயலலிதா 2016 டிசம்பரிலேயே மறைந்துவிட்டமையால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போயிற்று.

அமெரிக்காவிலும் இத்தகைய சோதனை நேர்ந்தது. தம்மை விசாரித்த ஆர்ச்சிபால்ட் காக்ஸை 1973 அக்டோபரில் குடியரசுத் தலைவர் நிக்சன் பதவிநீக்கம் செய்வித்தார். மக்கள் கொதித்தெழுந்தனர், வேறொருவர் நியமிக்கப்பட்டார், விசாரணை தொடர்ந்தது. அடுத்த ஆகஸ்டில் நிக்சனே பதவி துறந்தார்.

இவற்றால் நாம் அறிவது என்ன? வழக்கறிஞர் வெளியூரார் என்பது மட்டும் போதாது. அவரை நியமிக்கும் கையும், நீக்கும் கையும் வெளியே இருத்தல் வேண்டும். இம்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கும் காவலே. பகைவர் ஆட்சியின் வழக்கறிஞர் பழிவாங்குவார் என்னும் அச்சம் அவருக்கு நீங்கும். தம் ஆட்சியின் வழக்கறிஞர் காப்பாற்றினார் என்னும் பழியும் நீங்கும்.

நாளை உங்களுள் சிலர் அதிகாரம் ஏற்பீர்கள். உங்கள் தாளை நீங்களே திருத்தும் வாய்ப்பு வந்தால், பிறர் கையில் கொடுத்துவிடுங்கள்.